நனைந்தால் எவ்வளவு கனக்கும்?

யாருக்காவது கொடுப்பதற்கென்று ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று தைத்து முடித்திருக்கிறீர்களா? மடித்து, ரிப்பன் கட்டி, போட்டோ எடுப்பதற்கு முன்னால் அதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுங்கள். கையால் பிழியுங்கள். பிழிந்ததைத் தூக்கிக்கொண்டு மாடியேறிக் கொடியில் போடுங்கள். காலையில் போட்டது சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். காயவில்லையா, அது உங்கள் வீட்டு சோபாவுக்குத்தான் லாயக்கு.

என்னிடம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். ஊசி, கத்தரி எல்லாம் பிறகு.

கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் தெருக்களில் ஒன்றில், வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்துப் பிழைத்தவள் நான். அரசுத் தேர்வில் தையல் லோயர், ஹையர் இரண்டும் தேறியவள். அந்தப் பாடத்தில் சட்டை உண்டு, பாவாடை உண்டு, குழந்தைக்கு ஜபலா உண்டு, குயில்ட் என்கிற ஒட்டுத்துணி விரிப்பு கிடையாது. மிஷினுக்குக் கீழே சேருகிற வெட்டுத்துணி மூட்டைதான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது. ஒரு மீட்டர் பிட்டில் பிளவுஸ் வெட்டினால் கைக்குழி வளைவு, கழுத்து வளைவு, ஓரத்துப் பட்டை என்று கோணல்மாணலாக மிஞ்சும். தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களில் அது மூட்டை மூட்டையாகும். எங்கள் பக்கத்துக் குப்பை எல்லாம் போய்ச் சேரும் இடம் பெருங்குடி. அந்தக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம்முடைய வெட்டுத்துணியும் அதில் இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. எல்லாத் தையல்காரருக்கும் வந்திருக்க வேண்டும்.

ஆனால் மிச்சத்துணியைத் தீர்க்க வேண்டும் என்பது என் கவலை. வாங்கிக்கொள்கிறவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தானத் தையலில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வீட்டில் துணி சேர்ந்துவிட்டது, நேரமும் இருக்கிறது, யாராவது ஏழைக்குப் போகட்டும் என்று தொடங்குகிறார்கள். அந்த 'யாராவது' எங்கே படுக்கிறார், எங்கே துவைக்கிறார், பகலில் படுக்கையை எங்கே வைக்கிறார் என்று கேட்பதில்லை.

வேண்டாத துணியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கடற்கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. நாகப்பட்டினம் பக்கம் அதைச் சாலையோரத்தில் மலையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். மீனவர்கள் தொடவில்லை. மழையில் நனைந்து மக்கியது. உழைத்துச் சம்பாதித்து உடுத்தியவர்களுக்கு, கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன மறுவாரம், ஊரான் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து மாட்ட மனம் வருமா? டெல்லியில் அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு அந்தக் குவியலைப் பிரித்து, பயன்படக்கூடியதைப் பயன்படும் இடத்துக்கு அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டது. உடுத்த முடியாத துணியை அடுக்கித் தைத்து, பீகார் கிராமங்களில் போடுகிற 'சுஜினி' விரிப்புபோல் ஆக்குவது அவர்கள் வேலைகளில் ஒன்று. அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. துணியைத் தரம் பிரிப்பது விருது பெறுகிற அளவுக்குப் பெரிய வேலையா என்று கேட்பவர்கள் ஒரு மூட்டையை உட்கார்ந்து பிரித்துப் பார்க்கட்டும்.

அதே சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் 'உபாசனா' என்ற வடிவமைப்புக் கூடத்தை நடத்திய உமா பிரஜாபதி, மீனவப் பெண்களுக்குத் துணிச் சிதறல்களில் விரலளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். சுனாமிகா என்று அதற்குப் பெயர். அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது, பரிசாக மட்டும்தான் கொடுப்பார்கள். செய்த பெண்களுக்குக் கூலி உண்டு. அந்தக் கடைசி விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் விரிப்பின் அளவைத் தீர்மானித்தது ஓர் அரசு மருத்துவமனையின் வராந்தா. அக்காவுக்குத் துணையாகச் சில இரவுகள் அங்கே படுக்க நேர்ந்தது. நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூட வந்தவருக்குத் தரைதான். இது யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டு உறவுக்காரர் என்று வெளியூரிலிருந்து வந்தால் எந்த ஆஸ்பத்திரியில்தான் இடம் இருக்கும்? திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மகனைக் கொண்டுவந்திருந்த ஓர் அம்மாவிடம், யாரோ கொடுத்த கனத்த ரஜாய் ஒன்று இருந்தது. பளபளவென்று சிவப்பு சாட்டின், உள்ளே செயற்கைப் பஞ்சு. அதைச் சுவரோரம் சுருட்டி வைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையின் முந்தானையை விரித்துப் படுத்திருந்தார்.

"ஏம்மா, அத விரிச்சுப் படுக்கலாமே?" என்றேன்.

"ஒரு தடவ தொவச்சேன் தாயீ. ரெண்டு நாளு ஆச்சு காய. காலையில அஞ்சு மணிக்கெல்லாம் கூட்ட வந்துடுவாங்க, எல்லாத்தயும் எடுக்கணும். அதத் தூக்கிக்கினு பகல் முச்சூடும் எங்க அலையறது? குளுரா அடிக்குது இங்க? தரை ஈரம் உடம்புல ஏறாம கீழ போட எதுனா இருந்தா போதும்."

சென்னைக்கு வேண்டிய விரிப்பு எது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஜனவரி விடியற்காலையில்கூட இங்கே 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். போர்த்திக்கொள்ள ஒரு பழைய வேட்டி போதும். வேண்டியது உடம்புக்குக் கீழே. சிமெண்ட் தரைக்கும் எலும்புக்கும் நடுவே ஏதாவது வேண்டும். அதை வெறும் கையால் துவைக்க முடிய வேண்டும், அரை நாளில் காய வேண்டும், சுருட்டினால் அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும்.

குயில்ட் தொண்டில் மற்ற நாடுகள் நமக்கு முன்னோடிதான். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் ஊர் ஊராகப் பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து, செஞ்சிலுவைச் சங்கம் வழியாக, குண்டுவீச்சில் வீடிழந்த இங்கிலாந்துக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய 'புராஜெக்ட் லைனஸ்', நோயிலும் துயரத்திலும் இருக்கும் குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வை கொடுக்கிறது. புதிதாக இருக்க வேண்டும், துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்டிருக்கும் நிபந்தனை, நல்ல நிபந்தனை. ஆனால் அவை பனிநாட்டுப் போர்வைகள். அவற்றைப் பார்த்து இங்கே அப்படியே தைத்தால், திருவான்மியூர் பஸ் நிலையத்தில் கம்பளிக் கோட்டு விநியோகித்த கதையாகும்.

சரி, துணிக்கு வருகிறேன்.

முதல் விதி: பருத்தி மட்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, மொழுமொழுவென்ற தரையில் வழுக்கும், பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் இரண்டும் ஒரே மாதிரி சுருங்காமல் ஓரம் சுழித்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், தொட்டால் உதிர்கிற சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டர் உருகி, நுனியில் கறுப்பு மணியாக உறைந்துவிடும். இரண்டும் கலந்த துணி இரண்டையும் காட்டும், அதையும் ஒதுக்குங்கள்.

சிக்கல் என்னவென்றால், பிளவுஸ் துணியில் இன்றைக்குப் பருத்தியைத் தேட வேண்டியிருக்கிறது. நான் தொழிலுக்கு வந்தபோது டூ பை டூ ரூபியாதான் எல்லோருக்கும். புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போய், கதவோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ரூபியா பிட் வாங்கி வருவார்கள். இப்போது ஆர்ட் சில்க், நெட், ஜரிகை ஒட்டியது, கல் பதித்தது. தி. நகரில் அடுக்கடுக்காகத் தொங்குவதில் பாதிக்கு மேல் எனக்கு உதவாது. அப்படியானால் விரிப்புக்குத் துணி எங்கிருந்து வருகிறது? லைனிங்கிலிருந்து. மேல்துணி எத்தனை பகட்டாக மாறினாலும், உடம்பில் படுகிற உள்துணி இன்னும் பெரும்பாலும் பருத்திதான். மேலே நெட் போட்டால் உள்ளே லைனிங் இல்லாமல் முடியாது. ஆக, பிளவுஸ் ஃபேஷன் ஏற ஏற லைனிங் வெட்டுத்துணி கூடுகிறது. அதுவும் எல்லா நிறத்திலும்! இன்னொரு வசதி: நல்ல தையல்காரர் லைனிங்கை வெட்டும் முன் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, தேய்த்துத்தான் வெட்டுவார், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே பிளவுஸ் சுருங்கி வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதனால் அந்த வெட்டுத்துணி ஏற்கெனவே சுருங்கியது, ஓரளவு சாயம் போனது. அவசரக்காரத் தையல்காரரின் மூட்டை வந்தால் அந்த வேலையை நான் செய்கிறேன்.

சாயம்தான் பெரிய எதிரி. மெரூன், ராமர் பச்சை, கருநீலம் மூன்றையும் நான் நம்புவதே இல்லை. துண்டை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். சாயப்பட்டறையில், துணிக்கு நிறம் ஏற்றும் நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு. கடையில் வாங்கின பிறகு எத்தனை கைப்பிடி போட்டாலும் போகிற சாயம் போகத்தான் செய்யும். கடலோரத்தில் குடியிருக்கிறோம், எங்கள் போர் தண்ணீரில் உப்புக்கா பஞ்சம்?

தைக்கும் முறை எளிது. வெட்டுத்துணியில் பாதி கிராஸில், அதாவது மூலைவாட்டில், வெட்டுப்பட்டிருக்கும். அதை அப்படியே ஒன்றோடொன்று இணைத்தால் இழுத்துக்கொண்டு போகும். அதனால் பழைய நூல்புடவையில் பத்து இஞ்ச் சதுரம் வெட்டித் தாங்குதுணியாக வைத்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு துண்டு. அதன் ஓரத்தில் இன்னொரு துண்டைக் கவிழ்த்து வைத்துக் கால் இஞ்சில் ஒரு தையல், பிறகு புரட்டி நகத்தால் நீவி, அடுத்த ஓரத்தில் அடுத்த துண்டு. சதுரம் நிரம்பும்வரை இப்படியே சுற்றிச் சுற்றி. கடைசியில் திருப்பிப் போட்டு, ஒன்பதரை இஞ்ச் அட்டை வைத்து வெட்டிவிட்டால், உள்ளே எத்தனை கோணல் இருந்தாலும் வெளியே சதுரம் சதுரம்தான். இணைத்தபின் ஒன்பது இஞ்ச் நிற்கும். நீளத்துக்கு எட்டு, அகலத்துக்கு நாலு, மொத்தம் 32 சதுரம். சுற்றி மூன்று இஞ்ச் கரை வைத்தால் ஆறரை அடிக்கு மூன்றரை அடி. வராந்தாவில் ஓர் ஆள் படுக்கிற இடம் அவ்வளவுதான்; அகலம் கூட்டினால் பக்கத்து ஆளோடு சண்டை வரும்.

நடுத்துணிக்குப் பஞ்சு ஷீட் கூடாது. இலவம்பஞ்சும் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் தெருவோரம் கிடந்த மெத்தைகளைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தண்ணீர் குடித்த பஞ்சு மெத்தையை இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியவில்லை. வெயில் வந்தும் காயவில்லை. நாற்றமெடுத்துக் குப்பை லாரியில் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெருங்குடி, பெரும்பாக்கம் பக்கம் மறுபடியும் அதே காட்சி. என் விரிப்பில் நடுவே போவது ஒரே ஒரு மடி பழைய நூல்புடவை. பதினெட்டு அடிப் புடவையில் இரண்டு விரிப்புக்கு நடுத்துணி வரும். மிஞ்சும் ஐந்தடியில் இருபதுக்கு மேல் தாங்குதுணிச் சதுரம் தேறும். சின்னாளப்பட்டிச் சுங்குடி நடுத்துணிக்குச் சுகம், கட்டிக் கட்டி மெத்தென்று ஆகியிருக்கும். செட்டிநாட்டுக் கண்டாங்கி முரடு, அது தாங்குதுணிக்கு. கீழ்த்துணிக்கு ஒற்றைக் கட்டில் பெட்ஷீட், அடர்ந்த நிறத்தில். தரையில் படுகிற பக்கம் வெள்ளையாக இருந்தால் கொடுத்த மறுநாளே அழுக்கு தெரியும், வாங்கினவருக்குத்தான் கூச்சம். அந்தப் பெட்ஷீட்டில் மிஞ்சுவதிலேயே ஓரப்பட்டியும் வந்துவிடும்.

மூன்றையும் அடுக்கி, பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு நகராமல் பிடித்துக்கொண்டு, நீளவாக்கில் நாலு விரல் இடைவெளியில் மிஷின் தையல். துவைத்துப் பிழிகிறபோது இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்குவார்கள். நூல் அறுகிற இடம் அது. எனவே தையல் நெருக்கமாக இருக்கட்டும். 14-ஆம் நம்பர் ஊசி வளைந்தால் 16 போடுங்கள். தையல் பட்டிகள் சந்திக்கிற இடத்தில் ஏழெட்டு அடுக்கு சேரும். அங்கே மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இந்த வேலைக்கு என் பழைய கால் மிஷினுக்கு நிகர் இல்லை. புது மிஷின்கள் பூப்போடும், பெயர் எழுதும், எட்டு அடுக்கைக் கண்டால் முனகும்.

இப்படித் தைத்தால் காய்ந்த விரிப்பு ஒரு கிலோவுக்குள் நிற்கும். பிழிந்த ஈரத்தில் இரண்டு கிலோ. எந்த வயதுக்காரரும் தூக்கலாம்.

எல்லா விரிப்பும் முதலில் பழுதாகும் இடம் மூலை. வட கர்நாடகத்தில், எல்லாப்பூர், ஹளியாள் காட்டுப் பகுதியில் சித்திகள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பழந்துணியில் 'கவந்தி' தைப்பார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிக்கிற தையல். நாலு மூலையிலும் துணியை மடித்துக் குட்டி முக்கோணங்களாக வைத்துத் தைப்பார்கள். 'பூ' என்று பெயர். பூ வைக்காத கவந்தியை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். எனக்கு அது பிடித்துப்போய், நானும் மூலையில் முக்கோணம் வைக்கத் தொடங்கினேன். அழகுக்கு அவர்கள் வைத்தது எனக்குப் பலத்துக்கும் ஆயிற்று. அதோடு இரண்டு மூலைகளில் நாடாவில் காது வைக்கிறேன், ஜன்னல் கம்பியில் கட்டிக் காயப்போட. ஒரு பக்கம் நீள நாடா, சுருட்டிக் கட்டித் தோளில் மாட்டிக்கொள்ள. விரிப்பு வாங்கியவர்கள் அதிகம் பாராட்டியது அந்த நாடாவைத்தான். பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த நிறங்களை அல்ல.

2019 ஜனவரியில் சென்னையில் இந்திய குயில்ட் விழா நடந்தபோது போய்ப் பார்த்தேன். சுவரில் தொங்கவிட்டிருந்த வேலைப்பாடுகளின் முன் வாயடைத்து நின்றேன். பொட்டுப் பொட்டாகத் துணியை வெட்டி முகத்தையும் மயிலையும் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் கலைக்கு என் கும்பிடு. ஆனால் பார்த்துவிட்டு வந்தபின் தானத்துக்கும் அப்படித்தான் தைக்க வேண்டும் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மூன்று மாதம் ஒரு விரிப்பில் உட்கார்ந்தால் அதன்மேல் ஆசை வந்துவிடும். கொடுத்த பிறகு அதில் குழம்பு கொட்டியதா, குழந்தை மூத்திரம் போனதா என்று மனசு போய்ப் பார்க்கும். மனசு ஒட்டிக்கொண்ட பொருளைத் தானமாகக் கொடுக்காதீர்கள்; பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காரணத்துக்காக, விரிப்பில் கொடுத்தவர் பெயரைத் தைப்பதற்கு நான் சம்மதிப்பதில்லை. மேல்நாட்டில் தைத்தவர் பெயரையும் தேதியையும் பின்பக்கம் எழுதுவது வழக்கம்தான். பிறந்தநாள் ஞாபகார்த்தமாக என்று பட்டை ஒட்டித் தரச் சொல்லி இங்கேயும் கேட்கிறார்கள். நடைபாதையில் படுத்திருக்கிறவரின் முதுகுக்குக் கீழே உங்கள் பேரனின் பெயர் எதற்கு? கொடுத்த பிறகு அது அவருடைய படுக்கை. பார்க்கிறவர்களுக்கு அது அவர் வீட்டிலிருந்து எடுத்துவந்ததாகத் தெரிய வேண்டும்.

பழம்புடவை கொண்டுவருகிறவர்களில் பலர், அம்மா காலமான பிறகு அலமாரியை ஒழிக்கிறவர்கள். மயிலாப்பூரிலிருந்து ஒருவர் அப்படி ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். பட்டெல்லாம் பெண்களுக்கும் மருமகள்களுக்கும் போய்விட்டது, அம்மா தினமும் கட்டிய நூல்புடவைகளைத்தான் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, இது நவராத்திரிக்கு வாங்கியது, இது நான் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். கத்தரி வைப்பதற்கு முன் அவரைக் காபி குடிக்க உள்ளே அனுப்பிவிட்டேன்.

மறுபக்கம், வாங்குகிறவர்கள் கேட்பார்கள்: "செத்தவங்க பொடவையாக்கா?" இதற்கு மழுப்பக் கூடாது. இருக்கலாம், கொதிக்கக் கொதிக்கத் துவைத்துத்தான் தைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவேன். சிலர் வேண்டாம் என்பார்கள்; பேசாமல் வேறொன்று எடுத்துக் கொடுப்பேன். பிச்சைக்குத் தேர்வு உண்டா என்று என் கூட வந்த ஒருவர் ஒருமுறை முணுமுணுத்தார். உண்டு. நாம் துணிக்கடையில் அறுபது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு எழுந்து வருவதில்லையா? முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் நான் தைப்பதில்லை என்பதும் இதனால்தான். ஒரு கிழவி மட்டும் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கட்டிப் பழகின பொடவைதான்டி மெத்துனு இருக்கும். புதுசு குத்தும்."

இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை என்பதற்குச் சுதா மூர்த்தி 2017-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. தேவதாசி முறையிலிருந்து மீண்டு வந்த கர்நாடகப் பெண்கள் மூவாயிரம் பேர், ஆளுக்கொரு தையல் போட்டு ஒரு படுக்கை விரிப்பைச் செய்து, தங்களுக்கு உதவிய அவருக்கே கொடுத்தார்கள். புத்தகத்தின் பெயரே அந்த மூவாயிரம் தையல்தான்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன் என்றேனே. விரிப்பு தைக்க எங்கள் மேசையைச் சுற்றி இரண்டு வகைப் பெண்கள் உட்காருகிறார்கள். பெசன்ட் நகர், அடையாறு, எங்கள் தெரு அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் நேரத்தைத் தருகிறார்கள்; பெரும்பாலும் துணி பிரிப்பது, இஸ்திரி போடுவது, சதுரம் நிரப்புவது. இன்னொரு வகை கொட்டிவாக்கம் குப்பத்துப் பெண்கள். மிஷின் ஓட்டுவதில் அவர்களுக்கு ஈடு என்று யாரையும் நான் சொல்ல மாட்டேன். மூன்று அடுக்கு இணைக்கிற கடினமான வேலை அவர்களுடையது. அவர்களுக்கு விரிப்புக் கணக்கில் கூலி. தொண்டுக்குத் தைக்கிறோம், அதற்கும் காசா என்று கேட்டவர்கள் உண்டு. மீன் வரத்து இல்லாத நாளில் அடுப்பெரிய வேண்டிய வீட்டுப் பெண்ணின் உழைப்பை வாங்கி இன்னொரு ஏழைக்குத் தானம் செய்தால், தானம் செய்தவர் யார்? அவள்தானே? காசு கொடுங்கள். நூலுக்கும் ஊசிக்கும் கொடுக்கிறோம், கைக்குக் கொடுக்க என்ன தயக்கம்?

யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. விரிப்பைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன்னால் ஒருமுறை வெறுங்கையோடு போவேன். வீடற்றோருக்கு மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்றாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்ன பிறகு பெருகியவை. சில இடங்களில் கட்டில் உண்டு, விரிப்பு வேண்டாம், தலையணை உறைதான் வேண்டும் என்பார்கள். சரி, அதைத் தைக்கிறோம். ஓரிடத்தில் கால் துடைக்கிற மிதியடி கேட்டார்கள். இன்னோரிடத்தில், மாதவிடாய்க்குத் துவைத்துப் பயன்படுத்தும் துணி. ஒட்டுத்துணி விரிப்புதான் எனக்கு வரும் என்று அடம்பிடிக்கலாம். அப்படியானால் அதை வாங்கிக்கொள்கிற வேறிடம் தேடுவது என் பாடு.

இந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தையல்காரரிடம் லைனிங் வெட்டுத்துணியை மட்டும் தனிப் பையில் போடச் சொல்லுங்கள். அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. பெட்ஷீட் கிழிந்திருந்தால் பரவாயில்லை, கிழிந்த இடத்தைத் தவிர்த்து வெட்டிக்கொள்வோம். அழுக்காக மட்டும் தராதீர்கள். பழைய பிளவுஸ் என்றால் கொக்கியைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். ஜரிகைப் புடவை, நைலெக்ஸ், பேரன் பேத்திக்குச் சின்னதாகிப்போன ஸ்கூல் யூனிஃபார்ம் எதுவும் வேண்டாம். நூல்புடவை எத்தனை பழையதானாலும் வேண்டும்.